வீட்டிலேயே ஸ்டாண்ட் அடித்து முதல் கடல்நீர்த் தொட்டி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் மரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். உப்பு கூடினால் குறைக்கலாம், பாறையை மாற்றி அடுக்கலாம், மீனைக்கூட இடம் மாற்றிவிடலாம். ஸ்டாண்ட் கோணினால் மட்டும், தொட்டியை முழுக்கக் காலி செய்யாமல் எதுவும் செய்ய முடியாது. அதனால் இங்கே கேள்விகளை அந்த வரிசையில் வைத்திருக்கிறேன்: தண்ணீர் விட்டபின் திருத்த முடியாதது முதலில், திருத்தக்கூடியது பின்னால். கணக்குச் சொல்லும் இடங்களில் எல்லாம் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டிக்கு அது நல்ல அளவு.

சின்னத் தொட்டியில் பழகிவிட்டுப் பெரிதுக்குப் போகலாமா?

நன்னீரில் அது சரி. கடல்நீரில் தொட்டி சிறிதாக ஆக ஆக வேலை கடினமாகும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு இரால் செத்துக் கிடந்தால் மறுநாள் காலைக்குள் அமோனியா எகிறிவிடும். 150 லிட்டரில் அதே இரால் பெரிய விஷயமே இல்லை. வெப்பமும் உப்பளவும் அப்படித்தான்: தண்ணீர் அதிகம் இருந்தால் மாற்றம் மெதுவாக வரும், நமக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

ஸ்டாண்ட் எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

போட்டுப் பார்ப்போம். 90×45×45 என்றால் வெளி அளவில் 182 லிட்டர். கண்ணாடியின் தடிமன், மேலே விடும் இடம், மணலும் பாறையும் அடைக்கும் இடம் எல்லாம் போக உண்மையில் நிற்பது 140 லிட்டர் அளவு. கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆகத் தண்ணீர் மட்டும் 143 கிலோ. கண்ணாடி சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ, 10 மி.மீ. கண்ணாடியில் இந்தத் தொட்டி 40 கிலோ. மணல் 20 கிலோவுக்கு மேல், பாறை 15 முதல் 20 கிலோ. தொட்டி மட்டுமே 225 கிலோவாகிறது. கீழே சம்ப் (ஃபில்டர் கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி) வைத்து, ஸ்டாண்டின் எடையையும் சேர்த்தால் தரைமேல் 300 கிலோ. மூன்று நான்கு பெரியவர்கள் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அசையாமல் நிற்பதற்குச் சமம். கான்கிரீட் தளம் என்றால் இந்த அளவுக்குப் பொதுவாகப் பிரச்சினை வராது. மரத்தளம் என்றால் சுவரை ஒட்டி, தளத்தின் அடியில் ஓடும் உத்திரங்களுக்குக் குறுக்காக வையுங்கள். ஒரே உத்திரத்தின் மேல் முழு எடையும் ஏறக்கூடாது.

வீட்டில் இருக்கும் மேஜையோ டிவி ஸ்டாண்டோ போதாதா?

போதாது. அவை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. வறண்டிருக்கும்வரை எடையைக்கூட ஒருவேளை தாங்கும், ஈரம் பட்டால் ஊதிப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கடல்நீர்த் தொட்டி வைத்த இடத்தில் ஈரம் படாத நாளே கிடையாது.

மரமா, இரும்பா?

இரண்டும் நிற்கும். 40×40 மி.மீ. சதுரக் குழாயில் நல்ல வெல்டிங்கோடு செய்த இரும்பு ஸ்டாண்ட் ஒல்லியாக இருக்கும், கீழே இடம் நிறையக் கிடைக்கும். ஆனால் உப்புநீர் சொட்டிய இடத்தில் பெயின்டுக்குக் கீழே துரு ஊர்ந்துகொண்டே போகும். எபாக்ஸி பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ இல்லாமல் இரும்பைத் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். வீட்டில் நாமே அடிப்பதென்றால் என் ஓட்டு மரத்துக்கு. ரம்பம், துளைக்கருவி, மூலைமட்டம், ரசமட்டம் இருந்தால் இரண்டு நாள் வேலை. தவறு வந்தாலும் ஒரு துண்டை வெட்டி மாற்றிக்கொள்ளலாம்.

மரச்சட்டத்தை எப்படிச் சேர்ப்பது? எத்தனை ஸ்குரூ போட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். எத்தனை ஸ்குரூ என்று கேட்கும்போதே, எடையை ஸ்குரூ தாங்கும் என்று நினைக்கிறோம். அப்படி விடக்கூடாது. எடை மரத்தின் மேல் மரமாக உட்கார்ந்து தரைக்கு இறங்க வேண்டும். ஸ்குரூவுக்குள்ள வேலை துண்டுகளை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்.

மேலே செவ்வகமாக ஒரு சட்டம், கீழே அதே அளவில் இன்னொரு சட்டம். 4 செ.மீ. தடிமன், 9 செ.மீ. உயரமுள்ள கட்டைகள் போதும். உயரப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். நான்கு மூலையிலும் கால். காலின் தலைமீது மேல் சட்டம் நேராக ஏறி உட்கார வேண்டும், காலின் அடி கீழ்ச் சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். அந்தக் காலோடு ஒட்டி, சட்டங்களின் உட்புறம் முழுக்க இறங்கும் இரண்டாவது கட்டை ஒன்றை வைத்து, அதில்தான் ஸ்குரூ அடிக்க வேண்டும். எடை முதல் கட்டை வழியாகப் போகும், பிடிப்பு இரண்டாவதில் இருக்கும். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து நான்கு ஸ்குரூ அடித்துத் தொங்கவிட்ட ஸ்டாண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் 225 கிலோவும் அந்தச் சில ஸ்குரூக்களின் தண்டில்தான் தொங்குகிறது.

சரிபார்க்க எளிய வழி உண்டு. எல்லா ஸ்குரூவையும் மனத்துக்குள் கழற்றிவிடுங்கள். ஸ்டாண்ட் அப்போதும் எடையைத் தாங்கி நிற்குமானால் அமைப்பு சரி.

90 செ.மீ., 120 செ.மீ. நீளத்துக்கு நடுவில் கால் தேவையில்லை. 150 செ.மீ. தாண்டினால் நடுக்கால் வையுங்கள், இல்லையென்றால் மேல் சட்டத்தின் உயரத்தைக் கூட்டுங்கள். நன்றாக உலர்ந்த மரமாகப் பாருங்கள். பச்சை மரம் இன்று நேராக இருக்கும், ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே துளை போட்டுவிட்டு அடித்தால் கட்டை பிளக்காது. மூட்டுகளில் தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவுங்கள்.

இன்னொன்று பலருக்கு விட்டுப்போவது: பக்கவாட்டு ஆட்டம். நான்கு காலும் கெட்டியாக இருந்தாலும், யாராவது இடித்தால் ஸ்டாண்ட் சாய்ந்த கட்டமாக மடங்கப் பார்க்கும். பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் ப்ளைவுட் பலகையைப் பசையும் ஸ்குரூவும் போட்டு அடித்தால் அந்த ஆட்டம் அறவே நின்றுவிடும். அடிப்பதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன.

மேற்பலகையும் அதன்மேல் ஃபோமும் அவசியமா?

தொட்டியைப் பொறுத்தது. அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் படியும் வகைத் தொட்டிக்கு 18 மி.மீ. ப்ளைவுட் பலகை, அதன்மேல் 6 முதல் 10 மி.மீ. ஃபோம் விரிப்பு வேண்டும். பலகையில் ஒரு சின்ன மணலோ தலை தூக்கிய ஸ்குரூவோ இருந்தால் அந்தப் புள்ளியிலிருந்துதான் கண்ணாடி விரியும். சுற்றிலும் பிளாஸ்டிக் விளிம்பு போட்டு அடிக்கண்ணாடி பலகையில் படாமல் உயர்ந்து நிற்கும் தொட்டிக்கு ஃபோம் வைக்கக்கூடாது. அந்த வகைத் தொட்டி விளிம்பில்தான் நிற்க வேண்டும். ஃபோம் வைத்தால் அது நடுவில் அடிக்கண்ணாடியை மேலே தள்ளும்.

தொட்டி சரியான மட்டத்தில் நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காலி ஸ்டாண்டில் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாழ்ந்திருக்கும் மூலையில், கீழ்ச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீரில் ஊறாத பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் மட்டும் எதையும் செருகக்கூடாது.

என் முதல் ஸ்டாண்டில் நான் பொறுமை இழந்தது இந்த இடத்தில்தான். ஒரு மூலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது, தண்ணீரின் எடை ஏறினால் படிந்துவிடும் என்று நினைத்து நிரப்பிவிட்டேன். நிரம்பியபின் கண்ணாடி மேல்விளிம்புக்கும் நீர்க்கோட்டுக்கும் உள்ள இடைவெளி இடதுபுறம் 3 செ.மீ., வலதுபுறம் 3.7 செ.மீ. தினமும் காலையில் கண் அங்கேதான் போகும். கடைசியில் முழுத் தண்ணீரையும் இறைத்து வெளியே விட்டு, தொட்டியை இறக்கி, இரண்டு மி.மீ. துண்டுகளை அடுக்கி மறுபடி ஏற்றினேன். அன்று முதல் நிரப்பும்போது கால்வாசியில் நிறுத்தி அளப்பேன், பாதியில் நிறுத்தி அளப்பேன். 90 செ.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம்.

மரத்தை ஈரத்திலிருந்து எப்படிக் காப்பது?

வெளிப்புற மரவேலைக்கான பாலியூரித்தேன் வார்னிஷோ எபாக்ஸியோ மூன்று பூச்சு. வெட்டுமுகங்களைத் தவறவிடாதீர்கள், மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். சம்ப் வைக்கும் உட்புறத்துக்கு வெள்ளைப் பூச்சு நல்லது: கசிவு தெரியும், வெளிச்சமும் கிடைக்கும். பூச்சின் வாடை முழுக்கப் போன பிறகே தொட்டியை ஏற்றுங்கள்.

சம்ப் கட்டாயமா?

கட்டாயமில்லை. தொட்டிக்குப் பின்னால் தொங்கும் ஃபில்டரும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் வைத்தே நன்றாக ஓடும் தொட்டிகள் உண்டு. ஆனால் ஸ்டாண்டை நீங்களே அடிப்பதால் சம்ப்புக்கு இடம் விட்டே அடியுங்கள். முன்கதவின் திறப்பு சம்ப்பைவிடப் பெரிதாக இருக்கட்டும், ஸ்கிம்மரின் கோப்பையை மேலே தூக்கிக் கழற்றவும் உயரம் இருக்கட்டும்.

சம்ப் வைத்தால் ஒரு கணக்கு மறக்கக்கூடாது. பம்ப் நின்றவுடன் மேல் தொட்டியில் உள்ள தண்ணீர், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் இருக்கும் மட்டம்வரை கீழே இறங்கும். நம் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 4 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே 3 செ.மீ. இருந்தால் 12 லிட்டர் சம்ப்புக்கு வரும். அந்த 12 லிட்டருக்குச் சம்ப்பில் எப்போதும் காலி இடம் வேண்டும். மணல், மீன் எதுவும் போடுவதற்கு முன்பே பத்துத் தடவை பம்ப்பை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சம்ப் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மின் இணைப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே இதில் சிக்கனம் வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாகத்தான் தொட்டியின் எல்லாக் கருவிகளும் போக வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே இறங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. பிளக் பெட்டியைச் சம்ப்பின் மேலே மாட்டாதீர்கள். ஸ்டாண்டுக்குள் தடுப்பு வைத்த தனி அறையோ வெளிச்சுவரோ நல்லது.

குழாய்த் தண்ணீரில் உப்புக் கலக்கலாமா?

வேண்டாம். குளோரினை நீக்க மருந்து இருக்கிறது. செம்பு, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகியவற்றை அது தொடாது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பு இராலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆர்.ஓ. சவ்வு, அதன்பின் மீந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் என்று இரண்டும் உள்ள கருவியின் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். குடிப்பதற்காக வைத்திருக்கும் ஆர்.ஓ.வில் பெரும்பாலும் டி.ஐ. இருக்காது, சிலவற்றில் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு.

சமையல் உப்பு, கல்லுப்பு போட்டால் என்ன?

சமையல் உப்பு ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான். கடல்நீரில் கரைந்திருப்பதில் குளோரைடும் சோடியமும் சேர்ந்து எடையில் சுமார் 86 சதவீதம். மீதிதான் சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட். பவளமும் நத்தையும் ஓடு கட்டுவது அந்த மீதியில்தான். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது கால்சியம் உப்புகள் முதலில் படிந்து பிரிந்துவிடும், மெக்னீசியம் கடைசித் தண்ணீரோடு போய்விடும். ஆகக் கல்லுப்பைத் திரும்பக் கரைத்தாலும் அது கடல்நீராகாது. தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவைதான் வேண்டும்.

எப்படிக் கலக்குவது?

தனி டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிச் செய்தால் உப்பு செறிவாகக் கிடக்கும் அடியில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து வீணாகும். லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் பிடிக்கும். நம் தொட்டிக்கும் சம்ப்புக்கும் சேர்த்து 180 லிட்டர் என்றால் 7 கிலோ அளவு. சின்ன பம்ப் போட்டு ஓடவிட்டு, ஒருநாள் கழித்து அளவெடுங்கள். வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. 25 டிகிரி வெப்பத்தில் அது ஒப்படர்த்தி 1.026. மீன் இருக்கும் தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டவே கூடாது.

உப்பளவை அளக்க, ஒளி வளைவதை வைத்துக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதைச் சுத்தத் தண்ணீரில் 0 வைத்துச் சரிசெய்தால் மட்டும் போதாது, 35க்கான தரக்கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். நாம் அளக்கப்போகும் இடம் அதுதான், கருவி பிழை காட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நீர்மட்டம் இறங்கினால் உப்புநீர் விட வேண்டுமா?

உப்பில்லாத டி.ஐ. தண்ணீர் விட வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகும் தொட்டியில் ஒரு வாரம் எதுவும் விடாமல் இருந்தால் 180 லிட்டர் 159 ஆகும், 35 என்பது 40ஐ நெருங்கிவிடும். மட்டம் குறைந்ததும் தானே நீர்விடும் கருவியை ஆரம்பத்திலேயே வாங்குங்கள். முதல் வருடத்தில் வாங்கும் எல்லாக் கருவியிலும் அதிக உயிரைக் காப்பாற்றுவது இதுவே என்பது என் எண்ணம்.

பாறை எதற்கு? அழகுக்கா?

பாறைதான் ஃபில்டர். நுண்துளை நிறைந்த பவளப்பாறையின் மேற்பரப்பில் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் வாழும். 1960களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்ற மீன் வளர்ப்பாளர் உயிர்ப்பாறையும் (உயிர்கள் குடியேறிய கடற்பாறை) காற்றுக்குமிழும் மட்டும் வைத்துக் கடல் உயிர்களை வளர்த்துக் காட்டினார். இன்று நாம் செய்வதெல்லாம் அந்த வழியின் நீட்சி.

கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையில் நல்ல உயிர்களோடு வேண்டாத புழுவும் நண்டும் வரும். உலர்பாறை சுத்தமானது, ஆனால் உயிரேற மாதக்கணக்கில் ஆகும். நான் உலர்பாறையை அடுக்கி, நம்பகமான தொட்டியிலிருந்து ஒரு கையளவு உயிர்ப்பாறையை விதையாகப் போடுவேன். பாறையை முதலில் கண்ணாடிமேல் நிற்க வைத்து, அதைச் சுற்றி மணல் போடுங்கள். மணல்மேல் பாறையை அடுக்கினால், குழி பறிக்கும் மீனோ இராலோ அடியைத் தோண்டிச் சரித்துவிடும். கையால் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். மணல் அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) வகை, 3 செ.மீ. ஆழம் போதும்.

சைக்கிளிங் என்பது என்ன? எத்தனை நாள்?

நான்கு முதல் ஆறு வாரம். கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இவை இல்லை, வளர்க்க வேண்டும். மீனைப் போட்டு அதன் கழிவில் வளர்ப்பது பழைய முறை. கடல்நீரின் பி.எச். 8க்கு மேல், அந்தக் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு கூடுதல். மீன் செவுள் வெந்துதான் சாகும். அதைச் செய்யாதீர்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலை லிட்டருக்கு 2 மி.கி. அளவில் விட்டு, புட்டியில் வரும் பாக்டீரியாவையும் சேர்த்துவிட்டுக் காத்திருங்கள். விட்ட 2 மி.கி. 24 மணி நேரத்தில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 காட்டினால் முடிந்தது. நடுவில் நைட்ரேட்டை அளக்கும் கிட் பயமுறுத்தும் அளவைக் காட்டலாம். நைட்ரைட் இருக்கும்வரை அந்தக் கிட் கூட்டித்தான் காட்டும், பொருட்படுத்த வேண்டாம்.

மணலெல்லாம் பழுப்பாகிவிட்டது. கெட்டுப்போனதா?

இல்லை. அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுப்பாறையிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று பரவி, தீர்ந்ததும் தானே போகும். அதன்பின் பச்சைப் பாசி வரும். விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறைத்து வைத்து, நத்தைகளைக் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். இந்த நாட்களில் ஒரு இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஏதோ தத்தித் தத்தி ஓடும். இரால் இனத்தைச் சேர்ந்த, ஊசிமுனை அளவுள்ள கோப்பிபாடுகள் அவை. அவற்றை நீங்கள் தனியாக வாங்கியிருக்க மாட்டீர்கள், பாறையோடு வந்து பெருகியிருக்கும். தொட்டிக்குள் உணவுச்சங்கிலி ஒன்று தொடங்கிவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் அதுதான்.

தண்ணீரில் எந்தெந்த அளவுகள் இருக்க வேண்டும்?

வெப்பம் 25 டிகிரி, ஒன்று கூடக் குறைய. பி.எச். 8.0 முதல் 8.4. காரத்தன்மை, அதாவது பி.எச். இறங்காமல் தாங்கும் திறன், டி.கே.எச். என்ற அலகில் 8 முதல் 11. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி., மெக்னீசியம் 1,250 முதல் 1,350. நைட்ரேட் 10க்குள், பாஸ்பேட் 0.1க்குள். எண்ணைத் துரத்தி மருந்து விடுவதைவிட ஒரே எண்ணில் நிற்பது முக்கியம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால், பவளம் நிறையச் சேராதவரை இவை பெரும்பாலும் தாமாகவே நிற்கும்.

தண்ணீர் சூடாகிறதென்றால் மேற்பரப்பில் காற்றடிக்கும் சின்ன விசிறி 2, 3 டிகிரி இறக்கும், ஆவியாவதும் கூடும். ஹீட்டர் வேண்டிய இடத்தில் 150 வாட் ஒன்றுக்குப் பதில் 75 வாட் இரண்டு வையுங்கள். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி வெந்துவிடாது.

ஸ்கிம்மரும் பவர்ஹெட்டும்?

ஸ்கிம்மர் நுண்குமிழ்களில் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும், அது அழுகி அமோனியா ஆகும் முன்பே. கூடவே ஆக்சிஜனும் ஏற்றும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மி.கி.க்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.8 மி.கி.தான். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்புகளான பவர்ஹெட்டுகள் மணிக்குத் தொட்டி நீரைப்போல் 20 மடங்கு, அதாவது 2,800 லிட்டர் அசைக்கட்டும். மேற்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் மீனாக எதை விடலாம்?

தொட்டியில் பிறந்த ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் இரண்டு. வளர்ப்பு மீன் எதைக் கொடுத்தாலும் தின்னும், கடலிலிருந்து ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். எல்லாமே ஆணாகப் பிறக்கும். இரண்டில் பெரிதாகி ஆதிக்கம் பெறுவது பெண்ணாக மாறும். அதனால் ஜோடி தேடி அலைய வேண்டாம், அளவில் வித்தியாசமுள்ள இரண்டு குஞ்சுகள் போதும். பாங்காய் கார்டினல் மீனும் நல்லது. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் வாழ்ந்த அந்த இனம், தொட்டி வணிகத்துக்காகப் பிடித்தே அழியும் நிலைக்கு வந்தது. ஆண் மீன் முட்டையை வாயில் அடைகாக்கும், தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். வளர்ப்பில் பிறந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

நீல டாங் வேண்டாம், 30 செ.மீ. வளரும். மாண்டரின் மீன் வேண்டாம், முதிர்ந்த தொட்டியில் கோப்பிபாடு குறையாமல் இருந்தால்தான் உயிர் தரிக்கும். டாம்ஸல் மீன்களை விட்டால் பின்னால் வரும் எல்லா மீனையும் அடிக்கும். இந்தத் தொட்டிக்கு மொத்தம் நான்கு, ஐந்து சின்ன மீன் போதும். மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சேருங்கள். மேலே வலை மூடி கட்டாயம் வேண்டும்.

மீனை நேராகத் தொட்டியில் விடலாமா?

முதலில் தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம். 40 லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இருந்தால் போதும். வெண்புள்ளி நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, மீனில்லாமல் 76 நாள் விட வேண்டும். செம்பு மருந்து நோயைத் தீர்க்கும். ஆனால் பெரிய தொட்டியில் அதை விட்டால் இரால், நத்தை, பவளம் எல்லாம் போகும்.

நெடுந்தூரம் பையில் வந்த மீனைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் பழக்காதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் உள்ளே உள்ள அமோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறும், நச்சும் ஏறும். பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். தனித்தொட்டியின் உப்பளவைப் பையின் அளவுக்கு முன்பே கொண்டுவந்து வைத்திருந்தால், திறந்த உடனே மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிடலாம்.

பவளமும் கடல் சாமந்தியும் எப்போது?

மென்பவளங்கள் மூன்று மாதத்துக்குப் பிறகு. கடலில் கோமாளி மீன் ஒளிந்து வாழும் உயிரான கடல் சாமந்திக்கு ஒரு வருடம் பொறுங்கள். பக்குவப்படாத தொட்டியில் அது இடம் பிடிக்காமல் ஊர்ந்து பவர்ஹெட்டில் சிக்கி அரைபடும். கோமாளி மீனுக்கு அது இல்லாமலே வாழத் தெரியும்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: ஜோவாந்திட், பாலித்தோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு உண்டு. அவை இருந்த பாறையை வெந்நீர் ஊற்றியோ கொதிக்கவைத்தோ சுத்தம் செய்யாதீர்கள். அந்த ஆவியை மூச்சிழுத்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. அவற்றை வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறைக்காதீர்கள்.

மின்சாரம் போய்விட்டால்?

முதல் ஆபத்து ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். தீவனம் போடாதீர்கள். பல மணி நேரம் நின்ற மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தால், உள்ளே அழுகிய நீரைக் கொட்டிக் கழுவியபின் ஓட்டுங்கள்.

பத்து நாள் வெளியூர் போக வேண்டுமென்றால்?

போகலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதுக் கருவியோ புது மீனோ சேர்க்காதீர்கள். தானே நீர்விடும் கருவியின் வாளியைப் பத்து நாளுக்குப் போதும்படி நிரப்புங்கள். நம் கணக்கில் 30 லிட்டர். பார்த்துக்கொள்ள வருபவரிடம் தீவன டப்பாவைக் கொடுக்காதீர்கள். மீன் கேட்கிறதே என்று அன்பாக அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஐந்து சிறு பொட்டலங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வையுங்கள். சம்ப்பில் போட்ட கோட்டைக் காட்டி, தண்ணீர் அதற்கு மேலே போனாலோ தரையில் ஈரம் தெரிந்தாலோ எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஒட்டுத்தாளில் எழுதி ஸ்டாண்டின் கதவில் ஒட்டிவிடுங்கள்.